சர்க்கரை நோயாளியின் ஈறையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகள் ஆண்டுதோறும் கண், சிறுநீரகம், பாதம் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும் என்பது இன்று பலருக்கும் தெரியும். ஈறு மட்டும் இந்தப் பட்டியலில் இன்னும் ஏறவில்லை. மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் சரியாக இருந்தும் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) இறங்காவிட்டால், மருந்தைக் கூட்டும்போதே நோயாளியின் வாயையும் திறந்து பார்க்க வேண்டும்.

நல்ல ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம் 3 மி.மீ.க்குள் இருக்கும். காரை (பல்லில் இறுகிப்போன அழுக்கு) படிந்து ஈறு பல்லைவிட்டுப் பிரிந்தால் அது 5, 6 மி.மீ. ஆழமுள்ள பையாகிவிடும். பையின் உட்புறம் முழுவதும் ஆறாத புண். அங்கிருந்து கிருமிகளும் அழற்சிப் பொருட்களும் ரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. சர்க்கரை ஏறினால் ஈறின் எதிர்ப்புத் திறன் குறைந்து, பல்லைத் தாங்கும் எலும்பு இன்னும் வேகமாகக் கரைகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் பல் ஆடும்வரை யாரும் வருவதில்லை. புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவுகூடக் குறைவாகவே தெரியும்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 35 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியிட்ட மதிப்பாய்வின்படி, ஈறு சிகிச்சைக்குப் பின் 3, 4 மாதங்களில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.43 புள்ளி குறைந்தது. 7.9 இருந்தவருக்கு ஏறக்குறைய 7.5. இது மாத்திரைக்கு மாற்று அல்ல, ஆனால் ஒதுக்கிவிடக்கூடிய அளவும் அல்ல. 2013-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் பலன் தெரியவில்லை என்பதும் உண்மை. அதில் சிகிச்சைக்குப் பிறகும் பலரது பல்லில் அழுக்கும் ஈறில் கசிவும் நீடித்தன. அரைகுறையாகச் சுத்தம் செய்தால் சர்க்கரை இறங்காது என்றே நாங்கள் அதைப் புரிந்துகொள்கிறோம்.

மேலாகத் தெரியும் காரையை எடுப்பது மட்டும் போதாது. பை ஆழமாக இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு வேர்ப்பகுதி வரை சுத்தம் செய்ய வேண்டும். சுமார் 3 மாதம் கழித்துப் பையின் ஆழத்தை மீண்டும் அளக்க வேண்டும். சிகிச்சைக்கு வரும்போது காலை உணவைச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு வாருங்கள். வெறும் வயிற்றில் வந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்களில் சிலருக்கு ஈறு தடித்து வளரும். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ‘க்ளீனிங் செய்தால் பல் ஆடும்’ என்பது தவறு. எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கிறது. காரை போனதும் அது தெரியவருகிறது. சில வாரம் பல் கூசும், பிறகு குறையும். வீட்டில் மென்மையான பிரஷ்ஷை ஈறோரம் சாய்த்து, இருவேளையும் 2 நிமிடம் துலக்க வேண்டும். பல்லிடுக்குக்குத் தனிச் சிறு பிரஷ் தேவை.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை நோயாளிகளின் வீட்டுக்கே மாத்திரை போகிறது. கொண்டு செல்லும் பணியாளர் மூன்று கேள்விகளையும் கேட்கலாம்: துலக்கும்போது ரத்தம் வருகிறதா? பல் ஆடுகிறதா, விலகுகிறதா? கடைசியாக எப்போது பல் மருத்துவரைப் பார்த்தீர்கள்? முதல் இரண்டில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலோ, பார்த்து ஓராண்டு கடந்திருந்தாலோ, அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக்கொடுக்க வேண்டும். சுகாதாரத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

– ஈறு நோய் மருத்துவர்கள் சிலர், திருச்சி