மெயில் பாஸ்வேர்டு விஷயமாக எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அந்தக் குரல் பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சர்வீஸுக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் திரும்பி வந்ததும் மெயில் பார்க்கும் அவுட்லுக் புரோகிராம் திறக்கவில்லை, கடைக்காரர்களே மெயில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மறுபடியும் காசு கேட்கிறார்கள் என்கிறது அது. கடைப் பெயர் அதில் இல்லை. ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு அது யாரைக் குறிக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. பையர் மெயில் வராமல் ஒரு நாள் போனால் சாம்பிள் அப்ரூவலில் இருந்து ஷிப்மென்ட் வரை எல்லாம் தள்ளிப்போகும். அந்தக் கோபம் எங்களுக்குப் புரிகிறது. பாஸ்வேர்டை நாங்கள் மாற்றினோம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டு இருப்பது கூகுளிடம். எங்கள் கடை மேஜையில் சிபியுவைப் பழுது பார்ப்பதால் அது மாறாது. பழைய பாஸ்வேர்டு தெரியாமல், உங்கள் போனும் கையில் இல்லாமல் நாங்கள் அதை மாற்ற வழியில்லை. எங்கள் வார்த்தையை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். கூகுள் கணக்கில் 'பாதுகாப்பு' என்ற பக்கத்தைத் திறந்தால், பாஸ்வேர்டு கடைசியாக எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்று இருக்கும். எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். அந்தத் தேதியையும் எங்கள் பில் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் ஏன் சர்வீஸுக்குப் பிறகு அவுட்லுக் பாஸ்வேர்டு கேட்கிறது? விண்டோஸை ஃபார்மட் செய்தாலோ ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) போட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினாலோ, அவுட்லுக் மனப்பாடமாக வைத்திருந்த பாஸ்வேர்டு போய்விடும். மறுபடி கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும்போதுதான் சிக்கல். வெறும் ஜிமெயில் பாஸ்வேர்டை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் முறையை, தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்த ஆரம்பித்துவிட்டது. நம் ஊர் ஆபீஸ்களில் இன்னமும் அவுட்லுக் 2010 ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2020 அக்டோபரிலேயே முடித்துக்கொண்டது. கூகுளின் லாகின் பக்கத்தைத் திறந்து அனுமதி வாங்க அந்தப் பழைய அவுட்லுக்குக்குத் தெரியாது. அதனால் சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் தப்பு என்றே சொல்லும். கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதியும் கேட்கும் முறை) ஆன் செய்து, அந்தப் புரோகிராமுக்கென்று கூகுள் தனியாகத் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டைத்தான் அவுட்லுக்கில் போட வேண்டும்.

அதிலும் ஒன்று இருக்கிறது. கூகுள் பாஸ்வேர்டை யாராவது மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பையன் போனில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பான். திங்கள் காலை ஆபீஸில் அவுட்லுக் சின்னப் பெட்டியைக் காட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் தொடர்பு இருப்பது யாருக்கும் தோன்றாது. போன வாரம் யார் கம்ப்யூட்டரைத் தொட்டார்கள் என்றுதான் தேடுவார்கள்.

அவுட்லுக்குக்குப் பதில் தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராம் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு குறைவு. சர்வர் செட்டிங்ஸில் சரிபார்ப்பு முறையை ஓஆத்2 (OAuth2) என்று மாற்றினால், கூகுளின் லாகின் பக்கமே திறந்து கேட்கும். தண்டர்பேர்டில் குக்கீயை (இணையப் பக்கங்கள் கம்ப்யூட்டரில் சேமிக்கும் சிறு குறிப்பு) அடைத்து வைத்திருந்தால் மட்டும் அந்தப் பக்கம் ஓடாது.

ஜிமெயிலில் இல்லாமல் சொந்த டொமைனில் (கம்பெனி பெயரிலான இணைய முகவரி) மெயில் வைத்திருக்கும் கம்பெனிகளின் கதை வேறு. போனில் மொபைல் டேட்டாவில் மெயில் வரும், ஆபீஸ் வைஃபையில் வராது. அப்படி இருந்தால், பெரும்பாலும் உங்கள் மெயிலை வைத்திருக்கும் ஹோஸ்டிங் சர்வர் உங்கள் ஆபீஸ் ஐபியையே (இன்டர்நெட் இணைப்பின் எண்) தடுத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அக்கவுண்ட்ஸ் பிரிவின் மூலையில் யாரும் பார்க்காத ஒரு பழைய கம்ப்யூட்டர், பழைய பாஸ்வேர்டோடு சில நிமிடத்துக்கு ஒரு தரம் தட்டிக்கொண்டே இருக்கும். சர்வருக்கு அது திருடன் கதவைத் தட்டுவது போலத்தான். அந்த ஒரு கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைச் சரி செய்யாமல் தடையை எடுத்தால், மறுபடியும் விழும்.

கடையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த சிபியுவில், போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். அப்போது மெயில் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று மெயில் நின்றுவிடும். கீழே வலது ஓரத்தில் தேதியைப் பாருங்கள், சரி செய்தால் போதும். தமிழில் டைப் செய்துவிட்டு விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றாமல் பாஸ்வேர்டு அடிப்பதும் நடக்கிறது. புள்ளிகள் மட்டும்தான் தெரியும் என்பதால் கண்டுபிடிக்க முடியாது. நோட்பேடில் ஒரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள்.

எங்களைக் கூப்பிடும் முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். பிரவுசரில் உங்கள் மெயிலைத் திறந்து, கணக்கின் பாஸ்வேர்டைப் போட்டுப் பாருங்கள் (ஆப் பாஸ்வேர்டை அல்ல). அங்கே திறந்தால் அந்தப் பாஸ்வேர்டு சரி, கோளாறு புரோகிராமிலோ மேலே சொன்ன மற்றவற்றிலோ இருக்கும். அங்கேயும் திறக்காவிட்டால் அவுட்லுக்கை நோண்டவே வேண்டாம். தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், கணக்கே பூட்டிக்கொள்ளலாம்.

அந்தப் பதிவைக் கேட்டவுடன் எங்களுக்குப் போன் போட்டு, "நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியும்" என்று சொன்னவர்கள் பலர். டையிங் யூனிட்டில் இருந்து ஒரு அண்ணன் அதே குழுவில் எங்களுக்காகப் பதிலும் போட்டார். லாக்டவுன் காலத்தில் வேலையே இல்லாதபோதும் ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கொடுத்தவர்கள் நீங்கள். அதை இந்தக் கடை மறக்காது. மனமார்ந்த நன்றி.

போனில் மெயில் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லிவந்த தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டதால், அடுத்த மாதம் முதல் போன் உதவி காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை மட்டும். ஆண்டு ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு மெயில் அமைக்க 300 ரூபாய். சிபியுவைக் கொண்டு வரும்போது, கணக்கில் பதிவான போன் யாரிடம் இருக்கிறதோ அவரையும் கூட்டி வாருங்கள். பாஸ்வேர்டை நீங்களே உங்கள் கையால் அடியுங்கள், நாங்கள் தள்ளி நிற்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை உரிமையாளர்,
திருப்பூர்