குளிர்காலக் காலையில் இன்ஜின் எழுப்பும் சத்தம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உதகைப் பக்கம் தலைகுந்தாவிலும் காந்தலிலும் உறைபனி விழத் தொடங்கியதிலிருந்து எங்கள் பட்டறைக்கு வரும் புகார்களில் பாதி ஒரே புகாராக இருக்கிறது. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினில் கடகடவென்று ஒரு சத்தம் எழுகிறது, சிறிது நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது என்கிறீர்கள். ஆனால் அந்த வண்டி எங்களிடம் வந்து சேரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும்; சேரிங் கிராஸ் நெரிசலைக் கடந்து வந்த இன்ஜின் நன்றாகச் சூடேறி, எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடும். காதால் கேட்காத சத்தத்துக்குக் காரணம் சொன்னால் அது ஊகம்தான். அந்த ஊகத்தின்பேரில் மாற்றும் பாகத்துக்குப் பணம் கொடுப்பவர் நீங்கள். ஆகவே, இந்தக் குறைக்காக வரும் வண்டிகளை முதல் நாள் மாலையே எங்களிடம் விட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக் கேட்பதற்கு எங்கள் பட்டறையில் நடந்த ஒரு தவறும் காரணம். சென்ற குளிர்காலத்தில் ஒரு பெட்ரோல் கார் வந்தது. உரிமையாளர் சொன்ன விவரத்தை மட்டும் கேட்டுவிட்டு, வால்வுகளை இயக்கும் டைமிங் செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்தோம். அவர் தயங்கியதால் வண்டியை ஓர் இரவு நிறுத்திவைத்து, காலை ஆறு மணிக்கு பானட்டைத் திறந்து ஸ்டார்ட் செய்தோம். சத்தம் சரியாக மூன்று நொடி இருந்தது. டேஷ்போர்டில் ஆயில் விளக்கும் அந்த மூன்று நொடி எரிந்துதான் அணைந்தது. ஆயில் மேலே ஏறத் தாமதமாகிறது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஃபில்டரைக் கழற்றி அறுத்துப் பார்த்தபோது, இன்ஜின் நின்றபின் ஆயில் வடிந்துவிடாமல் தடுக்க வேண்டிய உள் ரப்பர் வால்வு காய்ந்து, விரலால் அழுத்தினாலும் வளையாத அளவுக்கு விறைத்திருந்தது. இரவெல்லாம் ஆயில் கீழே ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்கிவிட, காலையில் ஆயில் அழுத்தம் வந்து சேரும்வரை டென்ஷனர் தளர்ந்தே இருந்திருக்கிறது. தளர்ந்த செயின் அடித்துக்கொண்ட சத்தம் அது. தரமான ஃபில்டரும் சரியான ஆயிலும் போட்டபின், அடுத்த நாள் காலையில் சத்தம் இல்லை. முதலில் எழுதிய மதிப்பீட்டுக்காக அந்த வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அந்த வண்டியில் ஆயிலும் பொருந்தாததாகவே இருந்தது. இதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். ஆயில் டப்பாவில் டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருக்க இருக்க, குளிரில் அந்த ஆயில் விரைவாக ஓடும். புதிய சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேடு 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 ஆயிலைத்தான் கேட்கிறது. சமவெளியில் யாரோ சொன்னார்கள் என்று 20டபிள்யூ-50 ஊற்றிக்கொண்டு மலையேறினால், நம் ஊர்க் காலைக் குளிரில் அது தேன் போலக் கெட்டியாகிவிடும். கையேட்டில் உள்ள எண்ணையே கேட்டு வாங்குங்கள். ஃபில்டரும் ஆயிலும் சரியாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால், அல்லது மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போனால், அப்போது செயின் நீண்டிருக்கிறதா, டென்ஷனர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். செயின் நழுவிச் சக்கரத்தின் பல்லைத் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து, செலவு பல மடங்காகிவிடும்.

மூன்று நொடியில் நிற்காமல் சில நிமிடங்கள் நீடிக்கும் சத்தங்கள் வேறு வகை. மந்தமாக 'டொக் டொக்' என்று தொடங்கி, இன்ஜின் சூடேறச் சூடேற மங்கினால், தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுகிறது என்று கொள்ளலாம். ஆயில் குறையாமல், புகையும் இல்லாமல் இருந்தால் இதற்காக உடனே இன்ஜினைப் பிரிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வால்வைத் தள்ளும் டேப்பட்டின் சத்தத்தைப் போலவே கேட்டு ஏமாற்றுவது இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் உள்ள மேனிஃபோல்டு கேஸ்கெட்டின் கசிவு: குளிரில் இருக்கும் சிறு இடைவெளி, உலோகம் சூட்டில் விரிந்ததும் அடைபட்டுவிடும். அந்த இணைப்பில் படிந்திருக்கும் கரும்புகைக் கோடு அதைக் காட்டிக்கொடுக்கும். கீச்சென்ற சத்தம் பெல்ட்டுடையது. டீசல் வண்டி குளிரில் சற்று உரக்க ஓடுவது இயல்பே. வெள்ளைப் புகையும் நடுக்கமும் சேர்ந்தால் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளைச் சோதிக்க வேண்டும்.

ஒரு சத்தத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். சூடேறிய பிறகும் குறையாமல், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வலுத்துக் கேட்கும் ஆழமான தட்டல் பேரிங் தேய்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். அதோடு ஆயில் விளக்கும் எரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு வராமல், அங்கேயே இன்ஜினை அணைத்துவிட்டு எங்களை அழையுங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆயில் எட்டாத பாகங்கள் அதிகம் தேய்வது அந்த நொடிகளில்தான். பத்து நிமிடம் நிறுத்திச் சூடேற்றவும் தேவையில்லை. அரை நிமிடம் விட்டு, முதல் சில கிலோமீட்டரை மிதமாக ஓட்டினால் போதும்.

உங்களால் வண்டியை விட்டுச்செல்ல இயலாவிட்டால், பானட்டைத் திறந்து, வேறொருவரைக் கைப்பேசியை அருகில் பிடித்து, நீங்கள் சாவியைத் திருப்புவதற்கு முன்பே பதிவைத் தொடங்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் அனுப்பும் பதிவில் முக்கியமான முதல் இரண்டு நொடி இருப்பதில்லை. விட்டுச்செல்லும் வண்டிகளை ஷெட்டுக்குள் வைக்காமல், உங்கள் வாசலில் படும் அதே பனியில் எங்கள் முற்றத்திலேயே நிறுத்துவோம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஸ்டார்ட் செய்வோம். அந்த நேரத்தில் நீங்களும் வந்து அருகில் நின்று கேட்க வேண்டுகிறோம்.

அன்புடன்,
பட்டறைப் பொறுப்பாளர்,
உதகமண்டலம்