பதினோராம் வசனத்துக்கு முந்தின வசனம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லியே முடித்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

கம்பெனியில் மறுபடியும் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதிலிருந்து அத்தை, சித்தப்பா, சபையார் என்று ஆளுக்கு ஆள் உனக்கு வேதாகமத்திலிருந்து எரேமியா 29:11-ஐ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இப்போது அதைப் பார்த்தாலே சலிப்பாக இருக்கிறது என்றாயாமே. எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு வசனத்தை மட்டும் கிள்ளி எடுத்துக் கொடுத்தால் சலிப்பு வரத்தான் செய்யும்.

அதற்கு முந்தின வசனத்தைப் படித்துப் பார்த்தாயா? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் திரும்பிவரப்பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பின கடிதம் அது. முப்பது வயதில் போன ஒருவன் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பான்? அவன் ஆயுசில் திரும்பப் போவதில்லை. இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். யார் பேச்சு ஜனங்களுக்கு இனித்திருக்கும் என்று உனக்கே தெரியும். கர்த்தர் உன்னை அனுப்பவில்லை, இந்த ஜனத்தைப் பொய்யை நம்பவைக்கிறாய் என்று எரேமியா அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஆகவே ஆறு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதப் போவதில்லை. உன் வேலை நிலைக்குமா என்று எனக்குத் தெரியாது.

அந்த எழுபது வருஷமும் அவர்களை என்ன செய்யச் சொன்னார் தெரியுமா? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் வைத்து அதன் கனியைச் சாப்பிடுங்கள், கல்யாணம் பண்ணிப் பிள்ளைகளைப் பெறுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். பிடித்துக்கொண்டு போனவன் ஊருக்காக ஜெபம்! எனக்கே இது இன்னும் முழுசாக ஜீரணமாகவில்லை. போன வாரம் வீடியோவில் பேசினபோது உனக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் ஒட்டின டேப் பிரிக்காமல் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். "எப்படியும் காலி பண்ண வேண்டியிருக்கும், எதற்குப் பிரிக்கணும்" என்றாய். பிரித்து வைம்மா. போகச் சொன்னால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் 32-ஆம் அதிகாரம். இதைத்தான் நீ நிதானமாகப் படிக்க வேண்டும். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. நகரம் விழும் என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியா காவற்சாலை முற்றத்தில் கிடக்கிறார். அந்த நேரத்தில் பெரியப்பனோ சித்தப்பனோ மகன் ஒருவன் வந்து, ஆனதோத்திலுள்ள என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். அப்படிப்பட்ட நேரத்தில் யார் நிலம் வாங்குவார்! எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, கிரயபத்திரத்தை முத்திரையிட்டு, அது அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்குவார்கள் என்பது கர்த்தர் வாக்கு.

எனக்குப் பிடித்த இடம் அதற்கு அடுத்தது. பணத்தைக் கொடுத்து முடித்த பிறகுதான் அவர் ஜெபம்பண்ணுகிறார். "உம்மாலே செய்யக்கூடாத காரியம் ஒன்றுமில்லை" என்று ஆரம்பிக்கிறார். போகப் போக, நகரமோ எதிரி கையில் போகிறது, நீரோ என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று குழம்பி நிற்கிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உனக்குச் சந்தேகம் வந்தால் விசுவாசம் போய்விட்டதென்று நினைக்காதே. கையெழுத்தும் போட்டார், கலங்கவும் செய்தார்.

அந்த நிலத்தில் எரேமியா கால் வைத்ததாக எங்கும் எழுதியில்லை. கடைசியில் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டீட்ரிக் போன்ஹோஃபர் கதையும் அப்படித்தான். நாசி ஆட்சியை எதிர்த்த ஜெர்மானியப் போதகர். 1943 ஜனவரியில் கல்யாணம் நிச்சயமாகி, ஏப்ரலில் கைதானார். சிறையிலிருந்து தன் வருங்கால மனைவிக்கு எழுதினபோது எரேமியாவின் இந்த நிலத்தைத்தான் எடுத்துச் சொன்னார். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிய ஒரு மாதம் இருக்கையில், 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிட்டார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நல்லபடியாக முடிந்த சாட்சிகளை மட்டுமே நாம் கேட்டுப் பழகிவிட்டோம், அதனால் சொல்கிறேன்.

நடக்காமல் போனாலும் நிற்கிற நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது? நான் வேறு எதையும் சுட்டிக்காட்ட மாட்டேன். சிலுவையில் மரித்தவர் மூன்றாம் நாள் உயிரோடெழுந்தார் என்று நாம் விசுவாசிக்கிறோமே, அதன்மேல். அது உண்மையென்றால் உன் கம்பெனி அனுப்பும் ஒரு மெயிலுக்கு உன் முடிவை எழுதுகிற அதிகாரம் இல்லை. "காணப்படுகிறதை நம்புகிறது நம்பிக்கையல்ல" என்று பவுல் ரோமருக்கு எழுதினதும் இதையே வைத்துத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு வருஷப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றவள், வேலை நிலவரம் தெரிந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டாய். நிலவரம் தெரியாமலே விண்ணப்பத்தைப் போடு. முதல் தவணைக்கு அம்மாவும் நானும் எடுத்து வைத்திருக்கிறோம், அதை நினைத்துத் தயங்காதே. கடைசித் தேதி என்றைக்கு என்று மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
அப்பா