கல்லாற்று மணலும் ஏ4 வீதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் கிணறு வெட்டுவது என் தொழில். போன மாதம், மட்டக்களப்பு - கல்முனைப் பிரதான வீதியான ஏ4 போகும் பெரியகல்லாற்றில் ஒரு வீட்டுக் கிணற்றுக்குக் கொட்டு, அதாவது கொங்கிறீற் வளையம், இறக்கினோம். ஆறடியிலேயே தண்ணீர். உள்ளே நின்று காலை மாற்றி மாற்றி மிதித்தால் கெட்டியாகக் கிடந்த மணல் கூழாகி முழங்கால் வரை இழுக்கும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். மேலே நின்ற மகன், சிவில் படிக்கிறவன், "அப்பா, நிலம் ஆடினால் ஏ4 வீதிக்கு அடியிலும் இதுதான்" என்றான்.

தண்ணீர் ஊறிய தளர்ந்த மணல் குலுங்கினால் மணிகள் நெருங்கப் பார்க்கும். இடையில் சிக்கிய தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் அழுத்தம் ஏறி மணிகளைப் பிரித்துவிடும். அந்த நேரம் மண்ணுக்குப் பலமே இல்லை. திரவமாதல் என்கிறார்கள். 1964இல் ஜப்பானின் நீகாட்டா நகரில் இப்படித்தான் மாடி வீடுகள் உடையாமலே சாய்ந்தன, புதிதாகக் கட்டிய ஷோவா பாலமும் ஆற்றில் விழுந்தது. அதுவும் ஆற்றுமுக மணல்.

இலங்கையில் பெரிய நில அதிர்வு அரிது, ஒத்துக்கொள்கிறேன். 2004இல் எங்களை அழித்தது கடல்தான். ஆனாலும் அம்பாறை புத்தங்கலவில் நில அதிர்வு மானி வைத்திருக்கிறார்களே, சும்மாவா?

எனக்குப் பயம் ஏ4 வீதி வாவியைக் கடக்கும் கல்லாற்றுப் பாலங்களின் இரு முனையில்தான். பாலம் ஆழமான தூணில் நிற்கும். அதில் ஏறும் வீதியோ மண் நிரப்பி உயர்த்தியது. அடிமணல் கூழானால் அது வாவிப் பக்கம் சரியும். பாலம் நிற்கும், ஏற வழியிருக்காது. கல்லாற்று நோயாளி களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்கு எதால் போவார்? வாவியைக் கடக்கும் கிட்டங்கி வீதியால் சுற்றலாம் என்பார்கள். மாரியில் அது தண்ணீருக்குள் கிடப்பதைச் சொன்னவர்கள் பார்த்ததில்லை போலும்.

பாலம் கட்ட முன்னர் மண்ணைத் துளைத்துப் பார்ப்பார்கள். 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீற்றர் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்களாம். பத்துக்குக் குறைந்தால் தளர்ந்த மணல். கல்லடி முதல் கல்முனை வரை அந்தக் கணக்குகள் கோப்புகளில் கிடக்கும். வீதி அபிவிருத்தி அதிகார சபை முதலில் அவற்றை எடுத்து ஒரு வரைபடத்தில் குறிக்கட்டும். துளை போடாத இடங்களுக்கு எங்களைக் கேட்கலாம். எத்தனை அடியில் தண்ணீர், எத்தனை அடியில் களி என்று வளவு வளவாகச் சொல்வோம்.

கிணறு வெட்டும் தொழிலாளி,
களுவாஞ்சிகுடி.