திகதி முடிஞ்ச எண்ணெயும் ஊசி மருந்தும்: விதைப்புக்கு முதல் கடையளப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பெரும்போக விதைப்பு கிட்ட வந்திட்டு, மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் உழவு மிசின் சத்தம் கேக்குது, இதோட சேத்து வருசா வருசம் வாற ஒரு அநியாயமும் வரப்போகுது, அதான் எழுதுறன். விவசாய மருந்துக் கடையள்ள திகதி முடிஞ்ச புல்லெண்ணெய் (களைநாசினி), பயிருக்கு அடிக்கிற பூச்சி மருந்து, மாட்டுக்குப் போடுற ஊசி மருந்து எல்லாம் தாராளமா விக்கிறாங்க. ஒளிச்சு விக்கிறாங்க எண்டும் சொல்லேலாது. "அண்ணே, திகதி கொஞ்சம்தான் போயிருக்கு, வேலை செய்யும், பாதி விலைக்குத் தாறன்" எண்டு முகத்துக்கு நேரயே சொல்லுறாங்க. கடன்பட்டு விதைச்சவன் என்ன செய்வான், வாங்கிட்டுப் போறான்.

எங்கட வயல் வட்டையில போன மாரிக்கு பக்கத்து வயல்காரர் கொண்டு வந்த போத்தல வாங்கிப் பாத்தன். முடிவுத் திகதி இருக்க வேண்டிய இடத்தில வடிவா விலை ஸ்டிக்கர் ஒட்டிக் கிடக்கு. நகத்தால சுரண்டினா உள்ளுக்க திகதி எப்பவோ முடிஞ்சிட்டு. குலுக்கினா அடியில கட்டியா என்னமோ அசையுது. ஒரு கிளாஸ் தண்ணிக்குள்ள கொஞ்சம் விட்டுப் பாத்தம், அந்த வகை எண்ணெய் நல்லதெண்டா தண்ணி வெள்ளையாக் கலங்கி அப்பிடியே நிக்கணும், இது முறிஞ்ச பால் மாதிரி திரிஞ்சு எண்ணெய் தனியா மேல மிதக்குது. அதைப் பாத்திட்டும் மனுசன் அடிக்கத்தான் போனார், "காசு குடுத்து வாங்கினத வாய்க்கால்லயா ஊத்தச் சொல்லுறீங்க" எண்டு கேட்டார், அதுக்கு எனக்கும் மறுமொழி வரல்ல.

சரியாக் கலக்காத மருந்து ஒரு இடத்தில பயிர எரிக்கும், அடுத்த இடத்தில புல்ல ஒண்டும் செய்யாது. அவர்ட வயலும் அப்பிடித்தான் திட்டுத் திட்டாக் கிடந்திச்சு. புல்லுக்கு அடிக்கிறதுக்கு ஒரு பருவம் இருக்கு, ரெண்டு மூணு இலையில பிடிக்காட்டி பிறகு அது நெல்லோட சேந்து வளந்திரும், திருப்பி அடிக்கிற கூலியும் மருந்துக் காசும் ஆர் தாற?

கனபேர் நினைக்கிறது திகதி போனா வீரியம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் எண்டு. அதுதான் பிழை. சில மருந்து பழசாகி சூட்டில கிடந்தா முந்தினதை விட நஞ்சாகும். 1976ல பாகிஸ்தான்ல மலேரியா நுளம்புக்கு மலத்தியன் எண்ட பூச்சி மருந்து அடிச்ச ஆக்கள் சுமார் 7,500 பேரில 2,800 பேர் அளவில நஞ்சேறி வருத்தப்பட்டு 5 பேர் செத்தும் போனாங்க, மருந்துக்குள்ள ஐசோமலத்தியன் எண்ட கூடின நஞ்சு உருவாகி இருந்ததுதான் காரணம் எண்டு பிறகு கண்டு பிடிச்சாங்க. இஞ்ச தகரக் கூரைக் கடையில, கச்சான் எண்ட சூட்டுக் காத்து அடிக்கிற மாசங்கள்ள, ஒரு போகத்தில மிஞ்சினது அடுத்த போகம் வரைக்கும் வெந்துகொண்டு கிடக்கு. அதைத்தான் கையுறை, முகமூடி ஒண்டும் இல்லாம சாரத்தை மடிச்சுக் கட்டிட்டு முதுகில சுமக்கிறம்.

மாட்டுப் பக்கம் இன்னும் மோசம். மயிலத்தமடு, மாதவணை மாதிரித் தூர இடத்தில பட்டி வச்சிருக்கிறவங்க நினைச்ச நேரம் மிருக வைத்தியரக் கூப்பிடேலாது, டவுனுக்கு வந்து கடையில குடுக்கிறத வாங்கி பைக்குள்ள போட்டுக்கொண்டு போறாங்க. ஒக்ஸிரெட்ராசைக்கிளின் எண்ட கிருமி கொல்லுற ஊசி மருந்து கெட்டா நிறம் கறுத்து வரும், கறுத்த போத்தலையும் "இது ஸ்ட்ரோங்" எண்டு வித்தவங்க இருக்கிறாங்க. (கெட்டிக்காரத்தனம்தான், வேற என்ன சொல்ல.) வீரியம் போன ஊசியால வருத்தம் மாறாது, திருப்பித் திருப்பிப் போடுவாங்க, மாட்டுக்குக் குடுக்கிற குடற்புழு மருந்தெண்டா குடலுக்குள்ள சாகாம தப்பின புழு அடுத்த முறை நல்ல மருந்துக்கும் அசையாது. ஊசி போட்ட மாட்டிட பால கொஞ்ச நாளைக்கு எடுக்கக் கூடாது எண்டதும் இதில மறந்து போகும். அந்தப் பால்ல தயிர் போட்டா உறையாது எண்டு தயிர்ச்சட்டி விக்கிறவங்களக் கேட்டாலே சொல்லுவாங்க.

சட்டம் இல்லாமலில்லை. பீடைகொல்லி கட்டுப்பாட்டுச் சட்டம் 1980ல இருந்து இருக்கு, விக்கிறதுக்கு லைசென்ஸ் வேணும், லேபல்ல திகதி இருக்கணும். ஆனா கடைக்காரன மட்டும் பிடிச்சுத் தண்டம் அடிச்சா இது நிக்காது எண்டதுதான் என்ட எண்ணம். அனேக மருந்துக்கு ஆயுள் ரெண்டு வருசம்தான். போகம் தொடங்கக்க கொம்பனி ஆக்கள் வந்து இத்தன பெட்டி எடுத்தா ஒண்டு ஃப்ரீ எண்டு தலையில கட்டிட்டுப் போறாங்க, மிஞ்சினா திருப்பி எடுக்க மாட்டாங்க. சின்னக் கடைக்காரன் அந்தக் காச எங்க போய்த் தேடுற? நம்மட தலையிலதான் இறக்குவான். 2021ல இரசாயன உரம், நாசினி இறக்குமதிய நிப்பாட்டினப்ப பழைய போத்தலுக்கும் அடிபட்டு வாங்கினம், அப்ப திகதி பாக்காமப் பழகினது இப்பவும் போகல்ல. அதால திகதி முடிய முதல் மிஞ்சின ஸ்டொக்க கொம்பனியே திருப்பி எடுக்கணும் எண்டு கட்டாயமாக்கணும். எடுத்தத அழிக்கிறதும் அவங்கட பொறுப்பு. இல்லாட்டி அது வாய்க்காலால போய் வாவிக்குள்ளதான் விழும்.

அடுத்தது பில். பில்லுல மருந்துப் பேர், பெச் நம்பர், முடிவுத் திகதி மூண்டும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. எழுத மாட்டன் எண்டா அந்தக் கடையில வாங்க வேணாம், போத்தல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கொண்டு பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977 எண்ட போன் நம்பருக்கு அடியுங்க, மருந்தைப் பத்திச் சந்தேகமெண்டா விவசாயத் திணைக்களத்திட 1920 இருக்கு.

அதிகாரிமாருக்கு ஒண்டு. நெல்லுக் கதிர் தள்ளின பிறகு கடைக்கு வந்து பாத்து என்ன பிரியோசனம்? மட்டக்களப்பு, அம்பாறை ரெண்டு மாவட்டத்திலயும் விதைப்புத் திகதி தீர்மானிக்கிற ஆரம்பக் கூட்டத்திலயே மருந்துக் கடை செக் பண்ணுற திகதியையும் போடுங்க, கமக்காரர் அமைப்பில ஒருத்தரையும் கூட்டிட்டுப் போங்க. எந்த ராக்கையில எது கிடக்கு எண்டு எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
வயற்காரன் ஒருவன்,
வெல்லாவெளி.