கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஆய்வாளர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமன் விளைவு கண்டறியப்பட்ட 1928 பிப்ரவரி 28ஆம் நாளின் நினைவாக, 1987 முதல் ஆண்டுதோறும் தேசிய அறிவியல் நாள் கொண்டாடுகிறோம். அன்று மேடையேறும் யாரும் மாணவர்களிடம் ‘கேள்வி கேளுங்கள்’ என்று சொல்லாமல் இறங்குவதில்லை. இயற்பியல் ஆசிரியனாக நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதே மாணவர் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த பிறகு தம் நெறியாளரிடம் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதை எந்த மேடையிலும் நான் பேசியதில்லை. ஓய்வு பெற்றுவிட்டதால் இப்போது எழுதத் துணிவு வந்திருக்கிறது என்று வாசகர்கள் நினைத்தால் அதையும் மறுக்கமாட்டேன்.

தேசியத் தகுதித் தேர்வின் (நெட்) வழியே இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. அது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்பவருக்கு வழங்கப்படும் தொகை 8,000 ரூபாய். எந்த உதவியும் இல்லாமல் நம் கல்லூரிகளில் ஆய்வு செய்பவர்களும் ஏராளம். தொகை போதாது என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள்; நான் சொல்ல வருவது அது கைக்கு வந்து சேரும் வழியைப் பற்றி. மாணவர் ஆய்வில் இருக்கிறார் என்று நிறுவனம் மாதந்தோறும் இணையதளத்தில் உறுதிசெய்தால்தான் பணம் வங்கிக் கணக்கில் சேரும். அதற்கு முன் பெரும்பாலான துறைகளில் வருகைப் பதிவுக்கு நெறியாளரின் கையெழுத்து வேண்டும். இரண்டு ஆண்டுகள் முடிந்து முதுநிலை உதவித்தொகைக்கு உயர்வதற்கும், ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கும் அவருடைய கையெழுத்துதான் வேண்டும். பல பல்கலைக்கழகங்களில், அவரிடமிருந்து விலகி வேறொருவரிடம் போவதற்குக்கூட அவரே தடையில்லாக் கடிதம் கொடுக்க வேண்டும்.

இதன் விளைவை என் ஆய்வகத்திலேயே கண்டேன். நாங்கள் தயாரித்த பொடி ஒன்றின் படிக அமைப்பை அறிய எடுத்த எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு வரைபடத்தில் 44.7 பாகைக்கு அருகே சிறிய முகடு ஒன்று எழுந்தது. அதைப் பொருளின் புதிய படிக நிலைக்குரியது என்று நான் முடிவுகட்டினேன்; கட்டுரையும் வெளிவந்துவிட்டது. என் ஆய்வு மாணவர் ஒரு நாள் பொடியே வைக்காமல் வெறும் தட்டை மட்டும் கருவியில் வைத்து அளந்து பார்த்திருக்கிறார். அதே இடத்தில் அதே முகடு. அது தட்டின் அலுமினியத்திலிருந்து வந்தது. இதை அவர் ஏழு மாதம் என்னிடம் சொல்லவில்லை. உதவித்தொகை உயர்வுக்கான மதிப்பீடு முடிந்து, ஆணை கைக்கு வந்த மறுவாரம்தான் அந்த வரைபடத்தை என் மேசையில் வைத்தார். நான் கோபக்காரன் அல்லன். மாணவர்களோடு ஒன்றாகத் தேநீர் குடிப்பவன்தான். ஆனாலும் மாதம் ஒருமுறை கையெழுத்துக்காக என் அறை வாசலில் நின்றவருக்கு என் குணத்தைச் சோதித்துப் பார்க்கும் வசதி இல்லை.

இதே தமிழ்நாட்டில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஜி. என். ராமச்சந்திரன் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் கொலாஜன் புரதத்தின் அமைப்பை முன்மொழிந்தபோது, அதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும் அவரோடு ஆய்வு செய்த அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று அறிய, அதுவரை வெளியான படிக அமைப்புகளை ராமச்சந்திரன் குழுவினர் வரிசையாகத் தேடினார்கள். அந்தத் தேடலில் பிறந்ததுதான் 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்ற இளைஞர்களோடு அவர் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடம். இன்றும் புரத அமைப்புகளைச் சரிபார்க்க உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். தலைவரின் மாதிரியில் எழுந்த குறையை, தலைவரோடு உட்கார்ந்தே இளைஞர்கள் ஆராய முடிந்தது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள், ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கின. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களின் பிடியிலிருந்து இளைஞர்களை ஓரளவு விடுவித்த முடிவு அது, வரவேற்கிறேன். அதே விதிமுறைகளின்படி, ஒவ்வொரு மாணவரும் பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் பணியை விளக்க வேண்டும். அந்தக் குழுவின் அமைப்பாளர் யார் என்றால், அதே நெறியாளர்! நெறியாளரோடு மாணவருக்குக் கருத்து வேறுபாடு இருந்தால் அதை அந்தக் குழுவில் எப்படி எழுப்புவார்? வேலிக்கு ஓணான் சாட்சி என்ற கதைதான்.

குழுவின் அமைப்பாளராக வேறு துறைப் பேராசிரியர் ஒருவர் இருக்கட்டும். மாதாந்திர வருகையைத் துறை அலுவலகமே உறுதிசெய்யட்டும். நெறியாளரை மாற்றக் கோரும் கடிதம் பழைய நெறியாளர் வழியாகப் போகாமல் நேரே ஆய்வுப் புலத் தலைவரிடம் போகட்டும். இவற்றுக்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. வருகைப் பதிவையும் மாற்றக் கடிதத்தையும் பொறுத்தவரை டெல்லியின் அனுமதிக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழுக்களே முடிவெடுக்கலாம்.

கட்டுரையிலிருந்த பிழைக்கு அந்த இதழுக்கே திருத்தக் குறிப்பு அனுப்பினோம். பிழையைக் கண்டுபிடித்தவர் அந்த மாணவர்தான் என்று அதில் ஒரு வரி சேர்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
திருநெல்வேலி.