டிஸ்க்கின் மேல்பக்கத்தையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கல்யாண டிவிடிகளைப் பாதுகாப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை படித்தேன். கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது சரிதான். ஆனால் நான் வீடியோ எடிட்டிங் செய்பவன். என்னிடம் வரும் டிஸ்க்குகளில் கீறலால் போனதைவிட ஸ்டிக்கராலும் வெயிலாலும் போனதுதான் அதிகம்.

பளபளக்கும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைக்கிறோம். நாம் எழுதும் சிடியில் பதிவு இருப்பதோ மேல்பக்கத்தை ஒட்டி. 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கின் முதுகில் ஒரு சாயப் பூச்சு, அதன்மேல் மெல்லிய உலோகப் படலம், அதற்கும் மேல் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு, அவ்வளவுதான். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே கெட்டுவிடும். அடிக்கீறலைப் பாலிஷ் போட்டு ஓரளவு சரிசெய்யலாம். மேலே பிய்ந்தால் பிய்ந்ததுதான்.

டிவிடி பரவாயில்லை, இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே பதிவு இருக்கிறது. ஆனால் மணமக்கள் படம் போட்ட வட்ட ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுக்கிறார்களே எங்கள் தொழிலில், அது டிவிடியையும் விடாது. காகிதம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். தகடு லேசாக வளைந்து, டிரைவில் தள்ளாடிச் சுற்றும். அதற்காக ஒட்டியதை உரிக்கப் போகாதீர்கள், இன்னும் மோசம். பெயர் எழுதவேண்டுமானால் நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில், மென்மையான மார்க்கரால் எழுதுங்கள்.

அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2003-ல் வெளியிட்ட வழிகாட்டி, 4 முதல் 20 டிகிரி வெப்பத்தில், 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறது. நம் ஊரில் அதற்கு எங்கே போவது! ஆல்பத்தின் பின்னட்டை உறையிலிருந்து எடுத்து, கெட்டியான பெட்டியில் போட்டு, வெயில் படாத அலமாரியில் புத்தகம் மாதிரி நிறுத்தி வைத்தாலே பெரிய விஷயம்.

'போன வருஷம் ஓடிச்சே' என்று பலர் சொல்வார்கள். படிக்க முடியாத இடத்தை ஈடுகட்டும் பிழைதிருத்தம் டிரைவுக்குள் இருப்பதால் சேதம் ஓர் அளவு வரைக்கும் வெளியே தெரியாது, அளவு தாண்டியதும் திடீரென்று நின்றுவிடும். பதிவு நடுவிலிருந்து வெளிநோக்கிப் போகிறது; பெரும்பாலும் வெளிவிளிம்புதான் முதலில் கெடுகிறது. அதனால் முதல்நாள் ரிசப்ஷன் ஜோராக ஓடும், தாலி கட்டும் நேரத்தில் படம் உறைந்து நிற்கும். ஆரம்பத்தை மட்டும் ஓட்டிப் பார்க்காமல், டிஸ்க் முழுவதையும் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்துபாருங்கள்.

புதிதாக டிஸ்க்கில் பதிவு எழுதுபவர்கள், அழித்து அழித்து எழுதும் ரீரைட்டபிள் டிஸ்க்கைத் தவிர்க்கலாம். டிரைவ் காட்டும் உச்ச வேகத்தில் எழுதாமல் ஒருபடி குறைத்து எழுதி, கடைசியில், எழுதியது சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்கும் 'வெரிஃபை' போட்டுவிடுங்கள். அப்புறம், நல்ல டிஸ்க் கிடைப்பதே அருகி வருகிறது. டிவிடிக்கு அடுத்து வந்த புளூரேயில், பதிவு செய்யும் டிஸ்க் தயாரிப்பை 2025 பிப்ரவரியோடு சோனி நிறுத்திவிட்டது. புது லேப்டாப்பிலும் பெரும்பாலும் டிரைவ் வருவதில்லை. யுஎஸ்பியில் செருகும் டிரைவ் இன்னும் கடைகளில் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி